இடது பக்கத்து ஒடுக்கு

போத்தனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆசிரமம் என்றால் அதுதான். குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. பழைய வண்டிகளைப் புதிதாக்காமல், அழியவும் விடாமல் காப்பாற்றுவது அவர் வேலை. சீடர் அருளப்பன் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவப் பட்டறையில் இருபத்தாறு வருடம் டிங்கரிங்கும் பெயின்டும் பார்த்தவர். அவர் கை பட்டால் நொறுங்கிய ஜீப்பும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

அப்படிப்பட்டவர் இங்கே ஈரத்துணியும் கையுமாக நிற்பதற்குக் காரணம் அவர் மனைவி. மாமனாரின் பழைய சைக்கிளுக்கு அவர் ஆசையாகப் புதுப் பெயின்ட் அடித்த அன்று, "உங்களுக்கு எல்லா வேலையும் தெரியுது, விட்டுவைக்கிற வேலையைத் தவிர" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. ரோஷத்தில் வந்து சேர்ந்தார்.

அந்த மாசியில் கொட்டகைக்கு ஒரு ராணுவ ஆம்புலன்ஸ் வந்தது. எழுபத்தொன்றாம் வருடப் போரில் அடிபட்டவர்களை ஏற்றிய வண்டி. பிறகு ஏலத்தில் போய், நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே ஓடி ஓய்ந்திருந்தது. தோட்டத்துக்குள் ஓடுகிற வண்டிக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? பச்சை வெளுத்திருந்தது. சிவப்புச் சிலுவை மங்கியிருந்தது. இடது பக்கத் தகட்டில், ஒரு ஆள் முதுகு அகலத்துக்கு ஒரு ஒடுக்கு.

கொண்டுவந்தவர் தில்லைக்கண்ணு. எழுபத்தாறு வயது. போரில் அந்த வண்டியை ஓட்டியவரே அவர்தான். நம்பரை வைத்துப் பதினோரு வருடம் தேடி வாங்கியிருந்தார்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஒரு அம்மா பார்க்க வர்றாங்க. எங்க யூனிட்டுல செத்துப்போன ஒருத்தரோட சம்சாரம். அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க. முதல்ல அந்த ஒடுக்கை எடுத்துருங்க" என்றார்.

"பார்க்கலாங்க ஐயா" என்றார் மங்கையர்க்கரசி.

பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது அருளப்பனுக்கு அதற்குள் பழகியிருந்தது.

இரண்டு வாரம் அவர் துடைத்தார். துடைக்கத் துடைக்க வண்டி அப்படியேதான் இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"மேடம், இந்தத் துருவை என்ன பண்றது?"

"இன்னும் தின்னுட்டிருந்தா நிறுத்துங்க அண்ணா. தின்னு முடிச்ச இடத்தை விட்டுருங்க."

"பிரேக் குழாயெல்லாம் புதுசா மாத்துனீங்களே?"

"ஓடுற வண்டி. பிரேக் இல்லைன்னா ஆள் செத்துருவாங்கல்ல?"

"அப்ப பெயின்ட் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒடுக்கு எடுத்து, பழைய மாதிரியே பச்சை அடிச்சா, இந்த ஐயா அன்னைக்கு ஓட்டின வண்டி அப்படியே வந்துருமே. காப்பாத்துறதை விட அது பெரிசு இல்லையா?"

மங்கையர்க்கரசி பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் விருந்தாளி. அருளப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டாளத்தில் ஜெனரல் வருகிறார் என்றால் செங்கல்லுக்குக் காவி, மரத்துக்குச் சுண்ணாம்பு, செடி இலைக்குக்கூட ஈரத்துணி. ஆடாமல் நிற்கிற எதுவும் தப்பாது. இருபத்தாறு வருடப் பழக்கம் இரண்டு வாரம் துடைத்தால் போகுமா? குரு வருவதற்கு முன்பே காலையில் வந்து, ஒடுக்கு தெரியாமல் நிரவுகிற பட்டியைப் பூசிவிட்டார். சமமாக, அழகாக, கன்னத்தில் சந்தனம் பூசின மாதிரி. காய்ந்ததும் மேலே பச்சை அடிப்பதுதான் பாக்கி. கொட்டகை வாசலில் இருந்த செங்கல்லுக்கும் காவி அடித்துவிட்டார்.

மங்கையர்க்கரசி வந்தார். செங்கல்லைப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். கோபித்திருந்தால் அருளப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து தில்லைக்கண்ணுவை வரச் சொன்னார்.

பெரியவர் வந்து வண்டியின் வலது பக்கம் நின்றார்.

"இந்தப் பக்கம் வாங்க ஐயா. வந்த நாள்ல இருந்து நீங்க இடது பக்கம் வரவே இல்லை."

பெரியவர் வந்தார். பட்டியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து அருளப்பன் முகமும் தெளிந்தது.

"இந்த ஒடுக்கு எப்படி விழுந்துச்சுங்க?" என்றார் மங்கையர்க்கரசி.

"மரம்."

"எப்போ?"

பெரியவர் கீழே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

"மூணு நாள் தூங்கலைங்க. அன்னைக்கு நாலாவது நடை. ஒரு நிமிசம் கண்ணு சொக்கிருச்சு. பின்னால ஒரே ஒருத்தர், நாயக் பெருமாள்சாமி. வயித்துல குண்டு. ஏறினதுல இருந்து பேசிட்டேதான் வந்தார். மரத்துல மோதினதுக்கு அப்புறம் பேச்சு இல்லை."

அருளப்பன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"குண்டாலயா, மரத்தாலயான்னு டாக்டர் சொல்லலை. நானும் கேக்கலை."

"நாளைக்கு வர்ற அம்மா?"

"அவரு சம்சாரம். யூனிட் வண்டின்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் கூப்பிட்டேன். டிக்கெட் போட்டுட்டேன்னு அவங்க போன்ல சொன்னதும் தைரியம் போயிருச்சு. அதான் ஒடுக்கை எடுக்கச் சொன்னேன்."

மங்கையர்க்கரசி பட்டி சுரண்டுகிற சின்னத் தகட்டை எடுத்து மட்கார்டின்மேல் வைத்தார்.

"வண்டி உங்களுதுங்க ஐயா. பட்டி காய இன்னும் அரை மணி நேரம் ஆகும். நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்."

டீக்கடையில் அருளப்பனுக்கு டீ இறங்கவில்லை.

"மேடம், பாவம் மேடம் அந்த மனுசன். மறைச்சுக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?"

"ஒரு வடை சொல்லட்டுமாண்ணா?" என்றார் மங்கையர்க்கரசி.

திரும்பி வந்தபோது பட்டி இல்லை. சுரண்டுகிற தகடு வைத்த இடத்திலேயே இருந்தது. பெரியவரின் பத்து நகத்திலும் பட்டி அப்பியிருந்தது.

ஞாயிறு காலை ரயிலில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சௌந்தரவல்லி வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டிய வயது, விறுவிறு நடை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பக்கத்தில் தில்லைக்கண்ணு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி, இப்படி அமுங்கிக் கெடக்கு?"

அவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. கண் சொக்கியதையும், டாக்டரைக் கேட்காததையும் சொன்னார். அருளப்பன் கொட்டகை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

சௌந்தரவல்லி ஒடுக்கைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்ன பேசிட்டு வந்தாரு?"

பெரியவருக்குப் புரியவில்லை.

"பேசிட்டே வந்தாருன்னு சொன்னீகள்ல. என்ன பேசினாரு?"

"பருத்தி பூத்திருக்கும்னார். வீட்டுக்காரி ஒத்தையாக் கெடந்து மல்லுக்கட்டுவான்னார். நான் லெட்டர் போடலைன்னா சண்டைக்கு வந்துருவா, பெரிய கோவக்காரின்னார்."

"கோவக்காரிதான்" என்றார் சௌந்தரவல்லி. சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

"தந்தியில ஒத்தை வரிதான் இருந்துச்சு. எங்கேயோ சேத்துல, தண்ணி குடுக்கக்கூட ஆளில்லாம கெடந்து செத்தாருன்னு அம்பது வருசமா நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். பக்கத்துல பேச ஆள் இருந்திருக்கே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருத்தர் முழிச்சிருந்திருக்கீகளே."

"முழிச்சிருக்கலையேம்மா" என்றார் பெரியவர்.

"மூணு நாள் முழிச்சிருந்தீகள்ல? இதைச் சொல்ல ஒரு லெட்டர் போட உமக்குக் கை வரலை. அதுக்குத்தான்யா எனக்குக் கோவம்."

உண்மையிலேயே கோபமாகத்தான் சொன்னார். பெரியவர் தலை குனிந்து அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டார். பிறகு சௌந்தரவல்லி ஒடுக்குக்குள் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மதியம் பெரியவர் அதே வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். நடந்தால் ஐந்து நிமிடம். ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

வண்டி திரும்பி மறைகிற வரை சீடர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேடம், நான் பூசின பட்டி அப்படியே இருந்திருந்தா?"

மங்கையர்க்கரசி காபி தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் நல்லா இருக்குன்னு சொல்லி, காபி குடிச்சுட்டுப் போயிருப்பாங்க அண்ணா."