காப்புக் கட்டிய பானை

செவ்வேரி என்று ஓர் ஊர். ஏரி நிறையத் தண்ணீர் உண்டு. குடிக்கத்தான் தண்ணீர் கிடையாது. செம்மண் கரைந்து குழம்பாகக் கிடக்கும். ஆகவே சித்திரை பிறந்ததும் ஊர் நடுவில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, தண்ணீரைத் தெளியவைக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். பந்தல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அந்த வருஷம் கோயிலில் முதல் மரியாதை.

ஏழு வருஷம் பந்தல் தில்லைநாயகியிடம் இருந்தது. பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி, ஏரித் தண்ணீரை ஊற்றி வைப்பாள். பொழுது சாய்வதற்குள் சேறு அடியில் படிந்துவிடும். எட்டாம் வருஷம் அவளுடைய கொழுந்தன் மனைவி அபரஞ்சி, பிறந்த ஊரில் பார்த்ததை நினைவில் வைத்து, மூன்று பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே கரி, நடுவில் மணல், கீழே வெறும் பானை. கீழே சொட்டிய தண்ணீரில் கலங்கலும் இல்லை, வாடையும் இல்லை. ஊரார் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். பந்தல் கைமாறியது.

தில்லைநாயகிக்கு வயிறு எரிந்தது. எதிரே வருகிறவர்களெல்லாம், "உங்க ஓரகத்தி தண்ணி தேனாட்டம் இருக்கே!" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். சோறு இறங்கவில்லை. நெல் புடைக்கிற சாக்கில் வாசலில் உட்கார்ந்து, நாளெல்லாம் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையாகப் பார்க்கிறவர்கள் கண்ணில் படாததெல்லாம் பொறாமைக்காரி கண்ணில் படும். அவள் கண்ணிலும் ஒன்று பட்டது.

அந்த ஊர் வழக்கம் இது. பந்தல் பானைக்கு மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிவிட்டால், நாற்பது நாளைக்கு அதை இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. அசைத்தவர் பந்தலை இழப்பார். ஒற்றைப் பானைக்கு அது ஒரு தொல்லையே இல்லை. நின்ற இடத்திலேயே கையை விட்டுக் கழுவிவிடலாம். அடுக்குப் பானையைப் பிரிக்காமல், நடுவில் இருக்கும் மணலை எப்படிக் கழுவுவது?

எட்டு நாளுக்கு ஒருமுறை மணலைக் கழுவ வேண்டும் என்று அபரஞ்சிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பானையைப் பிரித்தால் பந்தல் மறுபடி ஓரகத்தி கைக்குப் போய்விடுமே! அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள். எதிர்வாசலில் தில்லைநாயகி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது, பத்து, பதினைந்து. 'நாறட்டும், நல்லா நாறட்டும்' என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

இருபதாம் நாள் ஊரில் வயிற்றுப்போக்கு கண்டது. நாலே நோயாளிகளைப் பார்த்ததும் வைத்தியர் அம்பலவாணருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தன் வீட்டில் மட்டும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். வெளியே சொன்னால், காப்புக் கட்டிய பானையைப் பழித்தவர் என்று பேர் வரும். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கஷாயம் கொடுத்தார், தூக்கம் பாராமல் பாடுபட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் அபரஞ்சியின் ஐந்து வயது மகள் வஞ்சி படுத்தாள். செய்தி கேட்டதும் தில்லைநாயகிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. எழுந்து ஓடினாள்.

"பெரியம்மா, தண்ணி" என்றது குழந்தை.

அபரஞ்சி பந்தல் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தாள். அவளுக்கும் சந்தேகம் இருந்ததோ என்னவோ, ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"அதைக் குடுக்காத, அபரஞ்சி."

"ஏன்க்கா? என் தண்ணின்னாலே உங்களுக்கு ஆகாதே!"

தில்லைநாயகி செம்பைத் தட்டிவிட்டாள். நேரே பந்தலுக்குப் போனாள். உச்சி வெயிலில், ஊரே பார்க்க, உலக்கையால் நடுப்பானையை உடைத்தாள். கொழகொழவென்று பச்சை பிடித்த மணல் சரிந்து விழுந்தது. அடித்த நாற்றத்தில் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அன்று முதல் எல்லா வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சினார்கள். ஐந்தாம் நாள் வஞ்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

இனிப் பந்தல் யாருக்கு என்று முடிவு செய்ய மணியக்காரர் வேலப்பர் ஊரைக் கூட்டினார்.

"அடுக்குப் பானை என் யோசனைங்க" என்றாள் அபரஞ்சி. "ஊர் வழக்கத்தை நான் மீறல. பானையை உடைச்சவங்களுக்கா பந்தல்?"

"உசுரைக் காப்பாத்தினது நான்" என்றார் வைத்தியர். "பந்தலை என் வீட்டுக்குக் குடுங்க. காய்ச்சின தண்ணியாவே ஊத்தறேன்."

மணியக்காரர் தில்லைநாயகியைப் பார்த்தார். "புள்ளைக்காகத்தானேம்மா உடைச்ச?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். அவளுக்கும் அது தெரியும்.

"புள்ளை முகத்தைப் பாத்துத்தான் கெளம்பினேன். உலக்கையை ஓங்குறப்ப பானை மட்டும்தாங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. பொறாமையிலதான் உடைச்சேன். ஆனாலும் பந்தல் எனக்கு வேணும்."

கதை கேட்கிறவர்களே, நீங்கள் மணியக்காரராக இருந்தால், இந்த மூவரில் பந்தலை யாரிடம் கொடுப்பீர்கள்?

விடை: தண்ணீர் கெட்டது மூவருக்குமே தெரியும். அபரஞ்சி பந்தலுக்காக மறைத்தாள், வைத்தியர் நல்ல பேருக்காக மறைத்தார். தில்லைநாயகியும் அத்தனை நாள் ரசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஊர் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியது அவள் ஒருத்திதான். என்ன மனதோடு செய்தாள் என்பதை வயிறு கேட்பதில்லை. எனவே பந்தல் அவளுக்கு, பானை மட்டும் அபரஞ்சியின் அடுக்குப் பானையே என்றார் மணியக்காரர். பானையைப் பிரித்துக் கழுவத் தடை இல்லாதபடி, காப்புக் கயிற்றை இனிப் பந்தல்காலில் கட்டச் சொன்னார். நோயாளிகளுக்குக் காய்ச்சிய தண்ணீர் கொடுப்பது வைத்தியர் பொறுப்பு. எட்டு நாளுக்கு ஒருமுறை அடுக்கைப் பிரித்துச் சோதிக்கும் உரிமை அபரஞ்சிக்கு; மணலில் அழுக்கு இருந்தால் பந்தல் அன்றே அவளுக்கு. அதைக் கேட்டதும் தில்லைநாயகியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அதற்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொண்டதை அந்த ஊரில் யாரும் பார்க்கவில்லை. வயிற்றுப்போக்கையும் யாரும் பார்க்கவில்லை.