ஆனைப்பாறை மேல் ஒரு புள்ளி

"நம்ம வேலை ஒழுங்கா நடந்துச்சுன்னா, அன்னைக்கு..."

அஞ்சனனின் பெரியப்பா தினமும் விடியும்போது இப்படித்தான் ஆரம்பிப்பார். மீதியை அவர் என்ன சொல்லி முடிப்பார் என்பது அஞ்சனனுக்கு நினைவில்லை. சிறு வயதில், சரியாக அந்த இடம் வரும்போது, கீழே ஒரு வெட்டுக்கிளி குதித்துவிடும். அவன் கவனம் அதன் பின்னால் போய்விடும்.

அஞ்சனன் ஒரு கரிச்சான் குருவி. உடம்பெல்லாம் மை போலக் கறுப்பு. வாலிலிருந்து கம்பி போல இரண்டு இறகுகள் நீண்டு, நுனியில் மட்டும் கொடி போல விரிந்திருக்கும். மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரைப் புங்கமரத்தில், இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். அவன் வேலை காவல்.

கீழே ஒன்பது தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டி இரை தேடும். குனிந்த தலை நிமிராது. வாய் மட்டும் ஓயாது. ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே தின்னும். வானத்தைப் பார்ப்பது அஞ்சனனின் பாடு. சருகிலிருந்து தப்பிப் பறக்கும் பூச்சிகள் அவனுடைய கூலி.

ஓடைக்கு எதிரே ஆனைப்பாறை. வல்லூறு அந்தப் பாறைக்கு மேலேதான் முதலில் தென்படும். கடுகளவு புள்ளி, அவ்வளவுதான். உடனே அஞ்சனன் தவிட்டுக்குருவிகளின் மொழியிலேயே "கிரீச்!" என்று குரல் கொடுப்பான். ஒன்பதும் இலந்தைப் புதருக்குள் போய்விடும். வல்லூறு வந்து பார்க்கும். வெறும் சருகு கிடக்கும். போய்விடும்.

புள்ளியாக இருக்கும்போதே கூப்பிட ஒரு காரணம் இருந்தது. ஒன்பதில் மூத்தவள் தங்கத்தாய். எப்போதோ கொடியில் சிக்கி ஒரு கால் முடங்கிப்போனவள். இறக்கையும் அரைகுறை. மற்ற எட்டுப் பேரும் ஒரே பாய்ச்சலில் புதருக்குள் இருப்பார்கள். அவளுக்கு, சருகு மூடிய வறண்ட ஓடையின் நடுவிலிருந்து, பன்னிரண்டு தத்தல் வேண்டும். அஞ்சனன் அதை எண்ணி வைத்திருந்தான். ஆனைப்பாறை மேல் வல்லூறு தெரிந்ததுமே கூப்பிட்டால், பன்னிரண்டாவது தத்தலில் அவள் முள்ளுக்குள் இருப்பாள்.

எட்டு வருடம். ஒரு குருவியைக்கூட வல்லூறு தூக்கியதில்லை. ஆபத்து போனதும் புதரிலிருந்து வெளியே வந்து, "இந்த ஆளுக்கு வேற சோலி இல்ல! நிம்மதியாத் தின்ன விடாம கத்திக்கிட்டே கெடக்காரு!" என்று தவிட்டுக்குருவிகள் முணுமுணுக்கும். அஞ்சனன் காதில் வாங்கமாட்டான்.

அந்த வருடம் மழை பொய்த்தது. சருகு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் பூச்சி இல்லை. அஞ்சனனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிடைத்தால் அதிகம். ஒரு காலையில் கிளையில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்குக் கண் இருட்டியது. காவல்காரனுக்குக் கண் இருட்டலாமா?

அப்போதுதான் சேதி வந்தது. ஏரிக்கரைப் புல்வெளியில் நூறு புள்ளிமான்கள் மேய்கின்றன. செந்நாய்த் தொல்லை. தலைவர் கொம்பையா காவலுக்கு ஆள் தேடுகிறார். மான் காலை எடுத்து வைத்தாலே வெட்டுக்கிளி தெறிக்குமாம்!

அஞ்சனன் நேரில் போனான்.

"உம்ம பேரு?" என்றார் கொம்பையா.

"அஞ்சனன்."

கொம்பையா அசைபோடுவதை நிறுத்தவில்லை. "கேள்விப்பட்டதில்லையே. என்ன செஞ்சிருக்கீரு?"

"எட்டு வருசமா ஒரு குருவியக்கூட வல்லூறு தூக்கலய்யா."

"அது வல்லூறு வராததாலயும் இருக்கலாம்லா? நீரு காப்பாத்தினத யாராவது பாத்திருக்காங்களா?"

அஞ்சனன் யோசித்துப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. குருவிகள் தலை நிமிர வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொண்டதுதான் அவன் செய்த வேலை.

"மொதல்ல பேரு கொஞ்சம் வெளிய தெரியட்டும்," என்றார் கொம்பையா. "அப்புறம் நானே ஆள் அனுப்புதேன்!"

திரும்பும் வழியில் மதுரவல்லி பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு மைனா. காட்டின் நடுவே இருக்கும் பெரிய ஆலமரம் அவளுடைய இடம். பொழுது சாயும்போது நாலா திசையிலிருந்தும் பறவைகள் அங்கே வந்து அடையும். மாலையில் அந்த மரத்தில் ஒரு பேச்சு எழுந்தால், மறுநாள் மதியத்துக்குள் அது ஏழு காட்டுக்கும் போய்விடும்.

"அண்ணாச்சி, ஆலமரத்துல உங்கள எத்தன பேரு பின்தொடருதாங்க?"

"என்னையா? யாருமில்ல. தவிட்டுக்குருவிங்க முன்னால போகும். நான்தான் பின்னால போறேன்."

"சுத்தம்!" மதுரவல்லி இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "அவனவன் ஒத்த வாலை வெச்சிக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுதான்! உங்களுக்கு ரெண்டு கொடி தொங்குது. அதப் போயி இலைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களே! மொட்டக் கிளைக்கு வாங்க. தெனமும் சாயங்காலம் ஆலமரத்துல வந்து அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. வேலை உங்கள வீடு தேடி வரும்!"

அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அஞ்சனனுக்குத் தோன்றவில்லை. வயிறும் சரி என்றது.

அன்று மாலை அவன் ஆலமரத்தில் பேசினான். "காலையில ஆனைப்பாறை மேல ஒரு புள்ளி தெரிஞ்சுது. குரல் குடுத்தேன். எல்லாரும் புதருக்குள்ள போயிட்டாங்க."

"அப்புறம்?" என்றது ஒரு கிளி.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

கிளி கொட்டாவி விட்டது.

பத்து நாளும் இதே கதைதான். பதினோராம் நாள் அவன் வாயைத் திறந்ததும், "புள்ளி தெரிஞ்சுதா?" என்று கேட்டு மரமே சிரித்தது.

மதுரவல்லி அவனைத் தனியாக அழைத்துப் போனாள். "அண்ணாச்சி, புள்ளியக் கேக்க எவன் வருவான்? வல்லூறோட நகத்தக் காட்டுங்க! கொஞ்சம் கிட்ட வரவிட்டுக் கூப்பிடுங்க. ஒரே ஒரு மூச்சு. நீங்க யாருன்னு அவங்களும்தான் பாக்கட்டுமே!"

மறுநாள் புள்ளி தெரிந்தது. தங்கத்தாய் எங்கே என்று அஞ்சனன் பார்த்தான். புதருக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தாள். நாலு தத்தலில் போய்விடுவாள். அவன் ஒரு மூச்சு பொறுத்தான். வல்லூறு பாறையைத் தாண்டி, புளியமரத்துக்கு மேலே வந்தது. இறக்கையின் கோடுகள் தெரிந்தன. அப்போது கூப்பிட்டான்.

புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த குருவிகள் அலறின. "யாத்தே! எம்மாம் பெருசு! அஞ்சனன் மட்டும் இல்லன்னா இன்னைக்கு நம்ம கதி?"

அன்று மாலை அவன் பேசவே வேண்டியிருக்கவில்லை. தவிட்டுக்குருவிகளே ஆலமரத்துக்கு வந்து சொல்லித் தீர்த்தன. கிளி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னது. மதுரவல்லி உச்சிக் கிளையில் ஏறிக் கூவினாள்: "ரெட்டைக்கொடி அஞ்சனன்! கடைசி நொடிக் காவலன்!"

அதுவே பேராகிவிட்டது. அணில்கள் மெனக்கெட்டு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போயின. ஒரு மூச்சு ஒன்றரை ஆனது. ஒன்றரை இரண்டானது. கணக்குப் பார்க்காமல் அவன் எதையும் செய்யவில்லை. தங்கத்தாய் புதரோரம் இருக்கும் நாட்களில் மட்டும்தான் பொறுத்தான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு காலையில் மதுரவல்லி மூச்சிரைக்க வந்தாள். "அண்ணாச்சி! கொம்பையாவோட ஆளு வந்திருக்காரு! இன்னைக்குப் பாத்து நல்லாச் செஞ்சிருங்க!"

அவளோடு ஒரு உண்ணிக்கொக்கு வந்திருந்தது. மானின் முதுகில் சவாரி செய்தே பழகிய கொக்கு. அது எதிர்க்கிளையில் உட்கார்ந்து, நிதானமாக இறகைக் கோத ஆரம்பித்தது.

ஆனைப்பாறை மேல் புள்ளி தெரிந்தது.

அஞ்சனன் கீழே பார்த்தான். தங்கத்தாய் அன்று ஓடையின் நடுவில், ஒரு பட்டைத் துண்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புதருக்குப் பன்னிரண்டு தத்தல். அவன் அலகு திறந்தது. கொக்கு இன்னும் தலையை இறக்கைக்குள் விட்டுக் கோதிக்கொண்டிருந்தது. இப்போது கூப்பிட்டால் அது எதையும் பார்த்திருக்காது.

கொக்கு தலையைத் தூக்கட்டும் என்று அஞ்சனன் பொறுத்தான்.

கொக்கு தலையைத் தூக்கியது. "கிரீச்!"

எட்டுக் குருவிகள் புதருக்குள் போய்விட்டன. தங்கத்தாய் ஆறாவது தத்தலில் இருந்தபோது நிழல் அவள் மேல் விழுந்தது. வல்லூறு அவளைத் தூக்கியே விட்டது.

அஞ்சனன் கல் போல விழுந்தான். வல்லூற்றின் பிடரியில் கொத்தினான். கண்ணைப் பார்த்துக் கொத்தினான். வல்லூறு தடுமாறிப் பிடியை விட்டது. தங்கத்தாய் சருகில் விழுந்து, உருண்டு, புதருக்குள் ஊர்ந்து போனாள். அவளுடைய வால் இறகுகள் காற்றில் பறந்தன.

"அடேயப்பா!" கொக்கு கிளையிலேயே குதித்தது. "நகத்துல இருந்தே புடுங்கிட்டீரே! இதுக்கு மேல என்ன பாக்கணும்? வேலை உமக்குத்தான். நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்!"

மாலையில் ஆலமரம் அதிர்ந்தது. மதுரவல்லி அந்தச் சண்டையை ஏழு முறை சொன்னாள். அஞ்சனன் அங்கே போகவில்லை. இலந்தைப் புதரின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

"மதினி," என்று கூப்பிட்டான்.

"வாரும் கொழுந்தனாரே." உள்ளேயிருந்து தங்கத்தாயின் குரல் மட்டும் வந்தது. "ஊரே உம்மப் பேசுது. இங்க என்ன சோலி?"

"வலிக்குதா?"

"வலிக்காம? முதுகுல ரெண்டு ஓட்டை. வாலும் போச்சு. இனி என்னயப் பாத்து எவன் மயங்கப் போறான்!" அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது.

அஞ்சனன் புதருக்கு இன்னும் கிட்டே நகர்ந்தான்.

"ஒண்ணு கேக்கேன்," என்றாள் தங்கத்தாய். "அது ஆனைப்பாறை மேல வந்தப்பவே பாத்துட்டீருல்லா?"

கீழே கிடந்த அவளுடைய வால் இறகு ஒன்றை அஞ்சனன் அலகால் எடுத்து ஓரமாக வைத்தான்.

"எனக்குத் தெரியும்வே. எட்டு வருசமா உம்ம குரலுக்குத் தத்திப் பழகின காலு. இன்னைக்கு ஆறுலயே நெழலு வந்துட்டு." அவள் குரலில் கோபம் இல்லை. "இன்னொண்ணு சொல்லட்டுமா? வல்லூறுக்குக் கண்ணு மஞ்சளு. இத்தன வருசமா எனக்கு அது தெரியாது."

அஞ்சனனுக்குப் பெரியப்பாவின் குரல் கேட்டது. நம்ம வேலை ஒழுங்கா நடந்துச்சுன்னா, அன்னைக்கு ஒண்ணுமே நடந்திருக்காது. அவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு வெட்டுக்கிளிக்காக அவன் காதில் விழுந்தும் கவனிக்காமல் விட்டது அதுதான்.

"ஏரிக்கரைக்குப் போயிட்டு வாரும்," என்றாள் தங்கத்தாய். "வயிறாவது நெறையும். ஆனா அங்கயும் நொண்டி மான் ஒண்ணு இருக்கும். பாத்துக்கிடும்."

விடிந்தது. கொக்கு வந்தது. மதுரவல்லியும் பாதி ஆலமரமும் வழியனுப்பக் கூட வந்தன.

"நான் வரல," என்றான் அஞ்சனன். "நேத்து நான் காப்பாத்தல. புள்ளியா இருக்கும்போதே பாத்தேன். நீங்க தலையத் தூக்கட்டும்னு இருந்தேன். அதனாலதான் அவ நகத்துல மாட்டினா. கொம்பையாகிட்ட இதையே சொல்லிருங்க."

கொக்கு அவனை ஒருமுறை பார்த்தது. ஏரிக்கரைப் பக்கம் பறந்து போனது.

"பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே அண்ணாச்சி!" மதுரவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கடைசி நொடிக் காவலன்கிற பேரு இனி உங்களுக்கு வேண்டாம்னா, நான் எடுத்துக்கிடட்டுமா?"

"எடுத்துக்கோ."

கூட்டம் கலைந்தது. தங்கத்தாய் புதரிலிருந்து மெதுவாக வெளியே வந்தாள். அவள் தத்துவதை அஞ்சனன் எண்ணினான். பன்னிரண்டு இப்போது போதவில்லை. முப்பது வேண்டியிருந்தது. புங்கமரத்திலிருந்து பார்த்தால் வல்லூறு அவ்வளவு முன்னதாகத் தெரியாது. மேட்டில் ஒரு வேங்கைமரம் நின்றது. அங்கிருந்து ஆனைப்பாறைக்கு அப்பாலும் வானம் தெரியும். அங்கே பூச்சி இன்னும் குறைவு. உச்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

பேருக்காக நாம் ஒரு நொடி தாமதித்தால், அந்த நொடி நம்மை நம்பித் தலை குனிந்திருப்பவரின் உயிரிலிருந்துதான் கழிகிறது.

அஞ்சனன் வேங்கைமரத்துக்குக் குடிபோனான்.