மலைமடத்து அரிசி

"சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் அம்மை. என்னால் முடியவில்லை."

மலைமேல் இருந்த அந்த மடத்தில் யார் வந்தாலும் சோறு உண்டு. அரிசிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம். மடத்தின் தலைவி ஞானாம்பிகை அம்மை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"என்ன ஆயிற்று?"

"நேற்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பசியோடு திருப்பி அனுப்பினேன். போன மாதம் இதே கிடங்கில் அரிசி புழுத்துப்போய்க் கொட்டினோம்."

"கூட்டம் கூடிவிட்டதா?"

"இல்லை. எப்போதும் வருகிற அளவுதான். வாரத்துக்கு எட்டு மூட்டை செலவு."

"பிறகு எங்கே தொடங்கியது?"

தணிகாசலம் யோசித்தார்.

"ஒருநாள் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து சாப்பிட்டது. அரிசி கொஞ்சம் இறங்கிவிட்டது. பயந்துபோய் இரண்டு மடங்கு சொல்லி அனுப்பினேன். அடிவாரத்து மில்லிலிருந்து மூட்டை மேலே வர நாளாகுமே. வரவில்லையே என்று மறுபடியும் சொன்னேன். எல்லாம் சேர்ந்து வந்து குவிந்தது. வேண்டாமென்று நிறுத்தினேன். தீர்ந்துபோனது. திரும்பவும் கூட்டிச் சொன்னேன்..."

"ஒரு கல்யாணக் கோஷ்டியாலா இவ்வளவும்?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை. இப்போது காலையும் மாலையும் அளக்கிறேன். அளந்த கையோடு ஆள் அனுப்புகிறேன். முன்னைவிட மோசமாகிறது. மில்காரர் கதிரேசன் ஒரு நிலையில் இல்லை, அம்மை. ஒரு சமயம் மலைபோல் அரைத்துக் குவிக்கிறார். ஒரு சமயம் மில்லையே பூட்டிவிடுகிறார்."

"அவர் என்ன சொல்கிறார்?"

"நான்தான் ஒரு நிலையில் இல்லை என்கிறாராம்."

அம்மை சாவியை வாங்கவில்லை. எழுந்து வாசலை நோக்கி நடந்தார். கிடங்கின் நடை குறுகல். எதிரே தணிகாசலம் நின்றிருந்தார்.

வழிவிட ஒரு பக்கம் ஒதுங்கினார். அம்மையும் அதே பக்கம் வந்தார்.

சட்டென்று மறுபக்கம் போனார். அம்மையும் அங்கே வந்தார்.

இன்னும் வேகமாக நகர்ந்தார். இருவரும் மோதாத குறை.

"மன்னியுங்கள் அம்மை. நான் வழிவிடத்தான் பார்க்கிறேன்."

"நானும்தான்."

என்ன செய்வதென்று தெரியாமல் தணிகாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மை அவரைக் கடந்து போனார்.

தணிகாசலம் வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு, ஆள் அனுப்பாமல், தானே மலையிறங்கினார்.

மில் வாசலிலேயே கதிரேசன் ஓடிவந்தார்.

"சொல்லுங்கள். இருபதா, முப்பதா?"

"எட்டு மூட்டை."

"கிடங்கு காலி என்றார்களே."

"காலிதான். கொஞ்ச நாள் எல்லோருக்கும் கஞ்சி."

"அடுத்த வாரம்?"

"எட்டு."

"திடீரென்று கூட்டம் வந்துவிட்டால்?"

"எட்டு."

கதிரேசன் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல ஒரு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

"நீங்களும் உட்காருங்கள் ஐயா. நான் இப்படி உட்கார்ந்து எத்தனையோ நாளாயிற்று."