என் வீடுன்னு நினைச்சு

ஒழுகுகிற போர்டிகோவைச் சரிசெய்ய, செவ்வந்தி காண்ட்ராக்டர் சிங்காரவேலுவைக் கூப்பிட்டாள். வெள்ளைச் சட்டையும் மோதிரமுமாக வந்து இறங்கினார்.

"கவலையே வேணாம் தங்கச்சி. உன் வீடுன்னு பார்க்கமாட்டேன், என் வீடுன்னு நினைச்சுச் செய்வேன். முதல்ல தூண்ல படர்ந்திருக்கிற அந்த முல்லைக்கொடியை வெட்டணும்."

மகள் பிறந்த வருஷம் வைத்த கொடி. மனசே இல்லாமல் தலையாட்டினாள். கொடி போனது. தளத்தின் ஓரத்தை உடைத்து, சவுக்குக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். அதோடு ஆளையே காணோம். போன் அடித்தால், "எனக்கே நாள் குறிக்கிறியா?" என்று அதட்டல். மழையும் நெருங்கியது. குழந்தையோ அந்தக் கட்டைக்குக் கீழேதான் விளையாடும்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். அங்கே ஒரு புது ஆளிடம், "உங்க வீட்டை என் வீடுன்னு நினைச்சு..." என்று அளந்துகொண்டிருந்தார். செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். அவர் போர்டிகோவும் ஓரம் பெயர்ந்து, சவுக்குக் கட்டையில்தான் நின்றது. கட்டையைச் சுற்றி முல்லை பூத்துக் குலுங்கியது.

"சொன்ன சொல் தவறலைண்ணே! அச்சு அசலா உங்க வீடு மாதிரியே பண்ணிட்டீங்க. இனியாவது வேற யார் வீடுன்னாவது நினைச்சு முடிச்சுக் குடுங்க."

அந்தப் புது ஆள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக் கிளம்பினார். மறுநாள் விடிந்ததும் கொத்தனார் வந்துவிட்டார்.

இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. தெருவே அவள் வாயை மெச்சுகிறது. ஆனால் சாயங்காலமானால் மகள் பூக்கூடையோடு தூணடியில் வந்து நிற்கிறாள். இதே வாயால் அன்றைக்கு, 'கொடியைத் தொடாதீங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடி செவ்வந்தி அந்தக் கூடையை வாங்கி உள்ளே வைக்கிறாள்.