பானட்டில் எழும் கை

"தாயே, இந்தக் கை போகலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

சொன்னவர் சிவக்கொழுந்து. புதுக்கோட்டையில் மரக்கடை வைத்திருப்பவர். அறுபது வயசு. கேட்டுக்கொண்டிருந்த மீனாம்பிகை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் என்ன? தாங்க முடியாதது வந்தால் ஊரே போய் நிற்பது அவர் வாசலில்தான்.

"எந்தக் கை?"

"கார் பானட்டுல. ஞாயித்துக்கிழமை தவறாம நானே கழுவி, நானே மெழுகு போடுவேன். வேற ஒருத்தரைத் தொட விடமாட்டேன். நல்லாப் பளபளன்னு வர்ற நேரம், நடுவுல அஞ்சு விரல் எந்திரிச்சு வருது."

"உங்க கண்ணுக்கு மட்டுமா?"

"என் சம்சாரமும் பார்த்துட்டா. இப்ப கார்ல ஏறவே மாட்டேங்கிறா."

"எப்பலேர்ந்து?"

சிவக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தை மாசம் கீரனூர் ரோட்டுல, சைக்கிள்ல போன ஆளை இடிச்சிட்டேன். அவர் கைதான் அது. சத்தியமா."

"பிழைச்சாரா?"

"தெரியாது. கூட்டம் சேர்றதுக்குள்ள வண்டியை எடுத்துட்டேன்."

பாவி மனுஷன், பரிகாரத்தில் ஒரு குறை வைக்கவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார். ஒரு பூச்சு மெழுகை மூன்று பூச்சாக்கினார். கை இன்னும் தெளிவாக வந்ததுதான் மிச்சம்.

"மெழுகு வச்சிருக்கீங்களா?" என்றார் அம்மா.

"டிக்கியில இருக்கு."

"போடுங்க. பார்க்கிறேன்."

உச்சி வெயில். வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்திக் கழுவினார். ஈரம் போகத் துடைத்தார். துணியில் மெழுகைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். காரென்றால் அவருக்கு உசிர். இந்த நிலைமையிலும் அந்த வேலையில் ஒரு தப்பு செய்யவில்லை.

மெழுகு காய்ந்து பானட் முழுக்க வெள்ளை பூத்தது.

எப்போதும் துடைத்த பிறகுதான் வரும். இன்றைக்குத் துடைக்கும் முன்பே வந்தது. வெள்ளைக்கு நடுவே கறுப்பாய் ஒரு உள்ளங்கை. பிறகு ஒவ்வொரு விரலாக. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"ஐயோ, வந்துருச்சு!" என்று பின்னால் போனார் சிவக்கொழுந்து.

"அது மேல உங்க கையை வைங்க."

"நானா? மாட்டேன் தாயே. துணி இல்லாம நான் அந்த இடத்தைத் தொட்டதே இல்லை."

"வைங்க ஐயா."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வைத்தார்.

தகடு ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. மர அறுவையில் மடங்கிப்போன அவர் சுண்டுவிரல்கூட, தடத்தில் அப்படியே மடங்கியிருந்தது.

"அம்மா... இது என் கை."

"எப்ப வச்சீங்க?"

"இடிச்சிட்டு இறங்கினதும். பானட் நெளிஞ்சிருக்கான்னு தடவிப் பார்த்தேன்."

"அவர்?"

"எனக்குப் பின்னால கிடந்தார். தண்ணி தண்ணின்னு சத்தம் வந்துச்சு."

"முகம் எப்படி இருந்தது?"

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"நான் இன்னும் திரும்பிப் பார்க்கலைம்மா."