பருந்து மூன்று எங்கே இருக்கிறது?

வேலாங்குறிச்சி நெடுஞ்சாலை ரோந்துப் படையில் மூளை உள்ளவர் ஒருவர்கூட இருந்ததில்லை என்று சொன்னால் அது அநியாயப் பழி. ஒருவர் இருந்தார். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் மூத்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் தங்கப்பழம். பருந்து மூன்று என்று பெயர் வைத்த ரோந்து வண்டி அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்குக் கீழே காவலர் முப்பிடாதியும் டிரைவர் ஜெபஸ்டினும்.

புதிதாக வந்த எஸ்.பி. எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். இனிமேல் வயர்லெஸ் மைக்கில் வளவளவென்று பேசக் கூடாது, எல்லாம் எண்தான். ரோட்டில் மாடு நின்றால் மூன்று. விபத்து என்றால் ஏழு. வண்டி திருட்டுப் போனால் பதினொன்று. எந்தத் தகவலானாலும் ரோந்து வண்டி மைக்கில்தான் வரவேண்டும். போன் கூடாது, நேரில் வந்து நிற்கக் கூடாது, ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. வண்டி எந்நேரமும் கிளம்பத் தயாராக இருக்கவேண்டும். ரோந்து போகிறவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது.

தங்கப்பழம் இதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். சொன்னதை அப்படியே செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சொல்லாததைச் செய்த குற்றம் அவர் சர்வீஸிலேயே இல்லை.

மறு வாரமே, பனையடிக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது.

"ஐயா, மரத்துக்கு நம்பர் இல்லியே," என்றான் முப்பிடாதி.

"நம்பர் இல்லேன்னா மரம் விழலைன்னு அர்த்தம்."

"அப்ப என்ன செய்ய?"

"பொறுத்து இரு. யாராச்சும் வந்து முட்டுவான். முட்டிட்டான்னா ஏழு."

மூவரும் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கண் தெரிந்தவர்களாக இருந்து தொலைத்தார்கள். மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு முட்டை வியாபாரி சைக்கிளோடு முட்டிப் புண்ணியம் கட்டிக்கொண்டார். அவர் கீழே விழுந்து முடிப்பதற்குள் தங்கப்பழம் மைக்கில் ஏழு சொல்லிவிட்டார். இவ்வளவு வேகமாக விபத்துத் தகவல் வந்ததே இல்லை என்று எஸ்.பி. பாராட்டினார்.

அப்புறம் ஒரு நாள், திருவிழாவுக்குப் போகிற கோயில் யானை நடுரோட்டில் படுத்துவிட்டது.

"யானைக்கும் நம்பர் இல்ல. மாட்டுக்குத்தான் இருக்கு," என்றார் தங்கப்பழம்.

"நாலு காலு இருக்கு, வாலு இருக்கு, புல்லு திங்குது," என்றான் ஜெபஸ்டின். "மூக்கு ஒண்ணுதான் கொஞ்சம் கூடுதல். மூக்குக்காவ ஒதுக்கி வைக்க முடியுமா ஐயா?"

"சரிதான். ஆனா ஒரு மாடுன்னு சொன்னா பொய்யாயிரும். அதோட பருமனைப் பாரு."

நெடுநேரம் யோசித்து, ரோட்டில் ஒன்பது மாடுகள் என்று தகவல் கொடுத்தார்கள். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒன்பது கயிறுகளோடு ஓர் ஆள் வந்தான். யானையைப் பார்த்தான், கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான், வந்த வழியே போய்விட்டான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் எஸ்.பி. வண்டிகளைப் பார்வையிடும் நாள் வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் ரோந்து வண்டிகள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கவேண்டும், எந்த வண்டி வரவில்லையோ அந்த வண்டிக்காரர்கள் மலை உச்சியில் இருக்கும் வயர்லெஸ் டவருக்குக் காவல் போகவேண்டும் என்பது எஸ்.பி. உத்தரவு. அந்த டவருக்குத் துணை என்றால் குரங்குகள்தான். முன்னால் அங்கே இருந்துவிட்டு வந்த ஏட்டு, வாழைப்பழம் கொடுத்தால் இன்றைக்கும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். தங்கப்பழத்துக்கு முழங்கால் வேறு வலி. அவர் மலைக்குப் போனால் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். தங்கப்பழம் உண்மையாகவே பயந்துபோய் இருந்தார்.

ஆகவே காலையிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, பனையடி விலக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டீ குடிக்கலாம் என்று தோன்றியது. வண்டி கிளம்பத் தயாராக இருக்கவேண்டும் அல்லவா, அதனால் என்ஜினை ஓடவிட்டுக் கதவையும் திறந்து வைத்தார்கள். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது அல்லவா, அதனால் மூவரும் சேர்ந்தே கடைக்குள் போனார்கள். திரும்பி வந்தபோது எலுமிச்சம்பழத்தைக்கூடக் காணவில்லை.

"கிளம்பத் தயாரா இருக்கணும்னு சொன்னாவ. கிளம்பிட்டு போல," என்றான் ஜெபஸ்டின்.

தங்கப்பழம் முப்பிடாதி பக்கம் திரும்பினார். "வண்டி களவு போச்சுவே. உடனே பதினொண்ணு சொல்லணும். மைக்கை எடு."

"மைக் வண்டியில கிடக்கு ஐயா."

"வண்டி எங்க?"

"அது தெரிஞ்சா பதினொண்ணு சொல்ல வேண்டியதே இல்லியே."

முப்பிடாதி சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு மினி பஸ் வந்தது. அதில் ஏறிக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனார்கள்.

அங்கே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏட்டம்மா சொர்ணக்கிளி உட்கார்ந்திருந்தார். விதி என்றால் அவரும் தங்கப்பழத்துக்குச் சளைத்தவர் இல்லை.

"ஏம்மா, எங்க வண்டி," என்று தொடங்கினார் தங்கப்பழம்.

"நேர்ல வந்து சொல்லக் கூடாது ஐயா. மைக்ல சொல்லுங்க."

"மைக் வண்டியில இருக்கு."

"அப்ப வண்டியில போயி உக்காந்து சொல்லுங்க."

"வண்டியத்தான் களவாண்டுட்டான்."

"பாத்தீங்களா, நேர்ல சொல்லிட்டீங்க. நான் காதுல வாங்கலை."

அந்தச் சமயம் பார்த்து வயர்லெஸ் பெட்டி பேசியது. பருந்து மூன்று, ஏழு, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு, ஓவர். சொர்ணக்கிளி நன்றி சொல்லிவிட்டு மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பருந்து மூணு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறதா மைக் சொல்லுது. நீங்க இங்க நிக்கிறதா நீங்க சொல்லுதீங்க. நான் எதை நம்ப?"

முப்பிடாதி மெல்லக் கேட்டான். "ஐயா, நம்ம ஒருவேளை அங்கதான் இருக்கோமோ?"

"மைக் சொன்னா மறுக்க முடியாது," என்றார் தங்கப்பழம்.

"அப்ப இங்க நிக்கிறது யாரு?"

"செத்த நேரம் பேசாம இரு. யோசிக்கேன்."

அவர் யோசிக்கட்டும். நடந்தது இதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் மாடக்கண்ணு என்று ஒரு பேட்டரித் திருடன். ஆட்டோ ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டை ஒன்று போட்டிருந்தான். மத்தியானத்துக்குள் பழைய இரும்புக் கடையில் வண்டியைத் தள்ளிவிடலாம் என்பது அவன் திட்டம். ஆனால் மைக் அவனை விடவில்லை. பருந்து மூன்று, பருந்து மூன்று என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லாவிட்டால் தேடி வந்துவிடுவார்களே என்று பயந்து, முன்னால் ஒட்டியிருந்த எண் பட்டியலைப் பார்த்துப் பதில் சொன்னான். மாடு நிற்கிறது என்றார்கள், போய் விரட்டினான். விபத்து என்றார்கள், போய்த் தூக்கினான். பருந்து மூன்று ஒரு வேலையைச் செய்து முடித்தது அதுவே முதல் தடவை என்பதால் கண்ட்ரோல் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னது. மாடக்கண்ணுவுக்கு அவன் பிறந்ததிலிருந்து யாரும் நன்றி சொன்னதில்லை. இன்னும் ஒன்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டான்.

தங்கப்பழத்தின் முகத்தைப் பார்த்துச் சொர்ணக்கிளிக்கே இரக்கம் வந்துவிட்டது. "பக்கத்துல இருக்கிற ரோந்து வண்டிய வரச் சொல்லுதேன். அதுல ஏறி மைக்ல சொல்லுங்க. உடனே வாங்கிக்கிடுதேன்," என்றார். பக்கத்தில் இருந்தது பருந்து மூன்றுதான். சொன்னதும் வந்து நின்றது.

மூவரும் சுற்றி வந்து பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

"இது எங்க வண்டியில்லா?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"ஆமாங்கய்யா," என்றான் மாடக்கண்ணு.

"நீதான் களவாண்டதா?"

"ஆமாங்கய்யா."

முப்பிடாதி விலங்கை எடுத்தான். தங்கப்பழம் அவன் கையைத் தட்டிவிட்டார். "மொதல்ல தகவல், அப்புறம்தான் நடவடிக்கை. ஏறுங்கவே." எல்லாரும் ஏறினார்கள். டிரைவர் சீட்டில் மாடக்கண்ணு இருந்ததால் ஜெபஸ்டின் பின்னால் உட்கார்ந்தான். தங்கப்பழம் கண்ணில் நீர் தளும்ப மைக்கை வாங்கி, பதினொன்று, காணாமல் போன வண்டி பருந்து மூன்று, ஓவர் என்றார். அன்று காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

பதினொன்று வந்தால் பக்கத்து ரோந்து வண்டியை விரட்ட அனுப்பவேண்டும் என்பது விதி. "பருந்து மூணு, உடனே பருந்து மூணை விரட்டிப் பிடிங்க, ஓவர்," என்றார் சொர்ணக்கிளி.

"விரட்டு," என்றார் தங்கப்பழம்.

"யாரைங்கய்யா?" என்றான் மாடக்கண்ணு.

"களவு போன வண்டியை. மிதி."

மாடக்கண்ணு மிதித்தான். சைரன் அலற வண்டி பறந்தது. மைதானத்தில் இருந்த எஸ்.பி. தன் மைக்கில் குறுக்கே வந்தார். "பருந்து மூணு, திருட்டு வண்டி எவ்வளவு வேகத்துல போகுது?"

தங்கப்பழம் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். "நாங்க போற வேகத்துலதான் போகுது ஐயா."

"இடைவெளி கூடுதா, குறையுதா?"

"கிளம்பினதுல இருந்து கூடவே இல்லைங்கய்யா."

"சபாஷ். விடாதீங்க. வண்டி கிடைச்சா உங்களுக்கு மலை இல்லை."

இதைக் கேட்டதும் தங்கப்பழத்துக்கு முழங்கால் வலியே மறந்துபோயிற்று. "இன்னும் மிதிடே, தப்பிச்சிரப் போறான்," என்று மாடக்கண்ணுவை அவசரப்படுத்தினார். அவனும் தப்பித்துவிடக் கூடாதே என்கிற பதற்றத்தோடு மிதித்தான்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது.

"திருட்டு வண்டி நின்னுட்டுங்கய்யா," என்றார் தங்கப்பழம் மைக்கில்.

"எல்லாரும் இறங்குங்க. நாலு பக்கமும் வளைங்க," என்று உத்தரவு வந்தது.

நாலு பக்கத்துக்கு நாலு ஆள் வேண்டும். தங்கப்பழம் முன்னால் நின்றார், முப்பிடாதி பின்னால், ஜெபஸ்டின் இடது பக்கம். வலது பக்கத்துக்கு ஆள் இல்லாததால் ஒரு லத்தியைக் கொடுத்து மாடக்கண்ணுவை நிறுத்தினார்கள். பிறகு நாலு பேரும் ஓசைப்படாமல் நெருங்கி, ஒரே நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்குள் யாரும் இல்லை.

தங்கப்பழம் டிரைவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். "சூடு ஆறலை. இப்பத்தான் இறங்கி ஓடியிருக்கான்."

முப்பிடாதிக்கு ஒரு சந்தேகம். "ஐயா, கள்ளன் இந்தா நிக்கிறவன்தானே?"

"என்னவே பேசுத? இவன் வண்டிய வளைச்சவன். வளைச்சவன் எப்படிவே அகப்பட்டவன் ஆவான்?"

முப்பிடாதி வெட்கப்பட்டுப்போனான். தங்கப்பழம் நெஞ்சை நிமிர்த்தி, வண்டி கிடைத்தது, திருடன் மட்டும் ஓடிவிட்டான் என்று தகவல் கொடுத்தார். எஸ்.பி.க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வண்டி கிடைச்சதே பெரிசு. திருடன் தூரம் போயிருக்க மாட்டான். அவன் முகம் தெரிஞ்ச ஆள் ஒருத்தனை வண்டியோட அனுப்புங்க. பிடிச்சிட்டு நேரா மைதானத்துக்கு வரட்டும்."

"நம்மள்ல கள்ளன் முகம் நல்லாத் தெரிஞ்சது யாருக்கு?" என்று கேட்டார் தங்கப்பழம்.

மூவருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. மூவரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள்.

கேட் திறந்தது. தங்கப்பழம் தானே கதவைத் திறந்து அவனை உட்கார வைத்தார். "ஏலே, அவனைப் பிடிக்காம நீ திரும்பி வரவே கூடாது."

"சத்தியமா வரமாட்டேன் ஐயா," என்றான் மாடக்கண்ணு.

மூவரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். வண்டி தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.