வெள்ளையாக வந்த நாற்பது பிளேட்

அந்த ஆய்வகம் இப்போது இல்லை. மலையடிவாரத்தில் இருந்த இரண்டு மாடிக் கட்டடத்தை இடித்து வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். ஆனாலும் பேக்கரி வாசலைக் கடக்கும்போது ஈஸ்ட் வாசனை மூக்கில் ஏறினால், எபநேசருக்கு அந்த மாடிப்படியில் நிற்பது போலவே இருக்கும்.

அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். மூன்று வருஷ விடுப்பில் டாக்டர் பட்டத்துக்கு வந்திருந்தார். வழிகாட்டி மெஹர்பானுவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். இதில் குரு யார் என்று புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாளாவது குழம்புவார்கள்.

எபநேசரின் வேலை ஒரு புரதத்தோடு. ஆய்வகத்தில் அதற்கு 'ஏழு' என்றுதான் பெயர். டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே போய் உட்காரும். குரோமோசோமின் நுனியில் அது உட்கார்ந்தால் பக்கத்து மரபணு உறங்கிவிடும். எழுத்து ஒன்றுகூட மாறாது. வாசிப்புதான் நின்றுபோகும்.

மரபணு உறங்குகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்க்கலாம். உறங்கினால் ஈஸ்ட் கூட்டம் சிவப்பாக வளரும், விழித்திருந்தால் வெள்ளையாக. தாய் செல் உறங்கினால் மகளும் உறங்குவாள். எப்போதாவது ஒருத்தி விழித்துக்கொண்டால், அவள் வம்சம் மட்டும் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்றாக விரியும். ஈஸ்ட் வளர்த்த அந்த வட்டப் பிளேட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த காலைகளை எபநேசர் மறக்கவே இல்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஒருநாள், கழிவுப் பிளேட்டுகளை அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவ் முன்னால் அவர் ஒரு மூட்டையோடு நின்றார். மெஹர்பானு அந்தப் பக்கமாக வந்தார்.

"என்ன சார், மூட்டை பெருசா இருக்கு?"

"கெட்டுப்போன பிளேட் மேடம். நாப்பது."

"நாப்பதும் ஒரே மாதிரியா கெட்டுச்சு?"

எபநேசர் முடிச்சை இறுக்கினார்.

"ஏழு அடக்குற புரதம் மேடம். ஆய்வேட்டுத் தலைப்பே அதுதான். நுனியில சொன்ன பேச்சைக் கேக்குது. குரோமோசோம் நடுவுல, அரைத்தூக்கத்துல கெடந்த மரபணு பக்கத்துல உக்கார வச்சேன். அடக்கணும்ல? எழுப்பி விட்டுட்டுது. பூரா வெள்ளை. நாலு தடவை செஞ்சாச்சு. எங்கயோ நான்தான் குளறுபடி பண்ணிருக்கேன்."

"சரி."

"இந்தப் பிளேட்டை விட்டுட்டு மீதியை எழுதினா இருபத்தெட்டாம் தேதி கொடுத்திரலாம். லீவு முப்பதோட முடியுது."

"இன்னொரு வருஷம் கேட்டா தர மாட்டாங்களா?"

"தருவாங்க. ஆனா எங்க துறைத்தலைவர் ஜூன்ல ஓய்வு பெறுறாரு. பட்டத்தோட போனா அந்த நாற்காலி எனக்கு. இல்லைன்னா எனக்குப் பின்னாடி வந்த பயலுக்கு. பதினெட்டு வருஷமா காத்துக் கெடக்கேன் மேடம்." சற்று நிறுத்தினார். "நேராவே கேக்கேன். ஏழு அடக்குறதா, எழுப்புறதா?"

மெஹர்பானு கையிலிருந்த நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

"கீழே எம்.எஸ்சி. பிள்ளைங்களுக்குப் பிராக்டிகல் நடக்குது. அங்க போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்க. அப்புறம் கேன்டீனுக்குப் போங்க. என்ன நடந்துச்சுன்னு தனித்தனித் தாள்ல எழுதிட்டு வாங்க."

"அங்க நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நின்னா போதும்."

முப்பதாம் தேதி கழுத்தை நெரிக்கிறது, மேடம் விளையாடுகிறார். முணுமுணுத்துக்கொண்டே எபநேசர் படி இறங்கினார். மூட்டை ஆட்டோகிளேவ் ஓரத்திலேயே கிடந்தது.

கீழ்ப்படியில் உதவி ஆசிரியை வேதவல்லி மதிப்பெண் ரிஜிஸ்டரோடு எதிர்ப்பட்டார். "வாங்க சார், நானும் உள்ளேதான் போறேன்" என்று கூடவே வந்தார். உள்ளே முப்பது பிள்ளைகள் கோழிப்பண்ணை மாதிரி இரைந்துகொண்டிருந்தார்கள். இருவரும் வாசலில் நின்றதுதான் தாமதம், அத்தனை இரைச்சலும் அடங்கியது. ஸ்டூலில் கால் நீட்டியிருந்தவன் காலை இழுத்துக்கொண்டான். எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

எபநேசர் வாயே திறக்கவில்லை.

கேன்டீனில் அதற்கு நேர்மாறு. சோதனை சொதப்பிய ஆராய்ச்சி மாணவர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு டீயோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், துக்க வீடு போல. எபநேசரைக் கண்டதும் அவர்களில் ஒருவனான தில்லையம்பலம் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான்.

"அண்ணாச்சி வந்தாச்சுடா! தட்டு பெஞ்சை!"

"ஏல, சும்மா கெட. நான் வேற வேலையா வந்திருக்கேன்."

"வேலையா? நீங்களா? மாஸ்டர், அண்ணாச்சிக்கு வேலை இருக்காம்! சர்க்கரையைக் கூடப் போடுங்க!"

டீ மாஸ்டர் குஞ்ஞாலி கரண்டியால் பாய்லரைத் தட்டித் தாளம் எடுத்துக் கொடுத்தார். பெஞ்சு அதிர்ந்தது. சுவரைப் பார்த்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிச் சிரித்தார்கள். அந்தத் தாளம் இன்றைக்கும் எபநேசர் விரலில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாற்காலிக் கையில் அதுவாக வந்து விழும்.

திரும்பி வந்தபோது மெஹர்பானு தன் அறையில் இருந்தார். பிளேட் மூட்டையும் அவர் மேசைமேல் இருந்தது. எபநேசர் தாள்களை நீட்டினார். முதல் தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'நான் போய் நின்றேன். பேச்சு அடங்கியது.' இரண்டாவதில்: 'நான் போய் நின்றேன். பேச்சு கிளம்பியது.'

மெஹர்பானு இரண்டையும் படித்தார். மூட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"இதுல எந்த இடத்துல சார் நீங்க குளறுபடி பண்ணீங்க?"

எபநேசர் தாள்களைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தானே இறுக்கிய முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியில் கட்டியிருந்த ஈரத்தைத் துடைத்துப் பத்துப் பத்தாக அடுக்கினார். நாற்பதும் வெள்ளை.

"தலைப்பை மாத்தணும்" என்றார்.

"ஆமா."

"ஒரு வருஷம் ஆயிரும் மேடம்."

"ஆகும்."

"நாற்காலி போயிரும்."

"போயிடும் சார்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். எபநேசர் கடைசி அடுக்கைச் சரிசெய்தார்.

"அப்போ ஏழு என்ன புரதம்னுதான் எழுதட்டும்?"

மெஹர்பானு இரண்டு தாள்களையும் எடுத்து, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டுலயும் உங்களைப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கீங்க. கூட யாரு நின்னாங்க?"